வியாபாரிக்கு ஏற்ற புள்ளிவிபரப் புத்தகம் எது?

கிழக்கில் ஹாட்வெயார் கடை நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்திருந்தார். எம்மை விட வயதில் மூத்தவர். கையில் ஒரு பை. அதற்குள் மூன்று தடித்த புத்தகங்கள். மூன்றும் புள்ளிவிபரவியல் பற்றியவை. ஒன்று இந்தியாவில் அச்சான கல்லூரி நூல். இரண்டாவது, உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்காக எழுதப்பட்ட டியூசன் வழிகாட்டி. மூன்றாவது, கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய ஆங்கில நூல்.

"தம்பி, மூன்றையும் தொடங்கினேன். மூன்றிலும் முப்பதாவது பக்கத்தைத் தாண்டவில்லை. எனக்கு மூளை போதாதா, இல்லை புத்தகம் சரியில்லையா?" என்று கேட்டார்.

"நானா, உங்களுக்கு எதற்கு இந்த வயதில் புள்ளிவிபரம்?" என்று நாம் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய செக் ஒன்று திரும்பி விட்டது. இருபத்திரண்டு வருட வியாபாரத்தில் முதன்முறையாக. ஹோல்சேல்காரர் முகத்தில் விழிக்க முடியாமல் இரண்டு வாரம் கடைக்குப் பின்னாலேயே இருந்தாராம். அதுவும் கணக்குப் பார்க்காமல் எழுதிய செக் அல்ல. சராசரி எடுத்துப் பார்த்து, நாள் குறித்து எழுதிய செக்.

அவர் செய்தது இதுதான். எளிமைக்காக எண்களைச் சுருக்கித் தருகிறோம். பத்துப் பேருக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்திருந்தார். மொத்தம் 10 இலட்சம் ரூபா. இந்தப் பத்துப் பேரும் வழமையாக எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்று கடன் கொப்பியைப் புரட்டி எழுதினார்: 12, 14, 15, 18, 20, 21, 24, 26, 60, 90. கூட்டினால் 300. பத்தால் பிரித்தால் 30 நாள். ஆகவே 30 நாளில் பணம் கைக்கு வந்துவிடும் என்று நம்பி, 8 இலட்சத்துக்கு 30 நாள் செக் எழுதிக் கொடுத்தார். முப்பதாம் நாள் வங்கியில் இருந்தது 5 இலட்சம்.

கூட்டலிலும் பிழை இல்லை, பிரித்தலிலும் பிழை இல்லை. பிழை எங்கே? முதலாவது, பத்துப் பேரில் எட்டுப் பேர் 26 நாளுக்குள் கொடுத்து முடித்து விடுகிறார்கள். இரண்டு பேர் மட்டும் 60, 90 என்று இழுத்து சராசரியைத் தூக்கி விடுகிறார்கள். 30ஆம் நாள் என்பது யாருமே பணம் தராத நாள். நடுவில் நிற்கும் ஆளைப் பார்த்தால் 20க்கும் 21க்கும் இடையில், அதாவது 20½ நாள். இதைத்தான் இடையம் என்கிறோம். இரண்டாவது, இதுதான் செக்கைத் திருப்பிய காரணம்: இழுத்தடிக்கும் அந்த இரண்டு பேரும் பெரிய கொந்தராத்துக்காரர்கள். ஆளுக்கு 2½ இலட்சம் வீதம் 5 இலட்சம் அவர்களிடம்தான் இருந்தது. மற்ற எட்டுப் பேரிடமும் ஆளுக்கு 62,500 ரூபா. நண்பர் ஆட்களைச் சராசரி எடுத்தார், பணத்தைச் சராசரி எடுக்கவில்லை.

பணத்தை வைத்துப் பார்ப்போம். ஒவ்வொருவருடைய நாளையும் அவர் தரவேண்டிய தொகையால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கடனால் பிரிக்க வேண்டும். எட்டுப் பேரின் நாட்களைக் கூட்டினால் 150. அதை 62,500 ஆல் பெருக்கினால் 93,75,000. மற்ற இருவரின் நாட்களும் கூட்டினால் 150தான். ஆனால் பெருக்க வேண்டியது 2,50,000 ஆல். விடை 3,75,00,000. இரண்டையும் கூட்டி 10 இலட்சத்தால் பிரித்தால் 46.9. அதாவது ஒரு ரூபா திரும்பி வர ஏறத்தாழ 47 நாள் செல்கிறது. நிறையிட்ட சராசரி என்று இதற்குப் பெயர். முப்பதுக்கும் நாற்பத்தேழுக்கும் இடையிலுள்ள பதினேழு நாட்களில்தான் அவருடைய செக் திரும்பியது.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். அவர் கொண்டு வந்த மூன்று புத்தகங்களிலும் சராசரி பற்றிய அத்தியாயத்தைத் திறந்தோம். மூன்றிலும் சூத்திரம் உண்டு. கணக்கும் உண்டு. ஆனால் எந்த இடத்தில் சாதாரண சராசரி ஏமாற்றும், எந்த இடத்தில் இடையம் வேண்டும், எந்த இடத்தில் நிறையிட வேண்டும் என்று ஒரு பந்தியாவது எழுதியிருந்தது ஆங்கில நூல் மட்டுமே. இந்திய நூலில் நிறையிட்ட சராசரி நாற்பது பக்கம் தள்ளி, வேறொரு தலைப்பின் கீழ், தேர்வுப் புள்ளிகளை உதாரணமாக வைத்து வந்தது. வியாபாரி ஒருவர் புத்தகம் வாங்கும் முன் கடையில் நின்றபடியே செய்யக்கூடிய முதல் பரிசோதனை இது. சராசரி அத்தியாயத்தைத் திறவுங்கள். "இதை இங்கே பயன்படுத்தாதே" என்று ஆசிரியர் ஓரிடத்திலாவது சொல்கிறாரா? சொல்லாவிட்டால் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

சொல் குழப்பம்

எம்மவர்கள் தமிழில் இப்பாடத்தைக் கைவிடுவதற்குப் பெரிய காரணம் கணக்கு அல்ல, சொல். எமது நாட்டுப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு இடை, இடையம், ஆகாரம், மீடிறன், நியம விலகல் என்ற சொற்கள் பரிச்சயம். தமிழ்நாட்டு நூலை எடுத்தால் இடையம் என்பது இடைநிலை அளவாகி விடும். ஆகாரம் முகடாகும். மீடிறன் அலைவெண் அல்லது நிகழ்வெண் ஆகும். நியம விலகல் திட்ட விலக்கம் ஆகும். ஒரே சரக்கு, வேறு லேபல். இது தெரியாமல் நண்பர் இரண்டு தமிழ்ப் புத்தகங்களையும் மாறி மாறிப் படித்து, ஆகாரமும் முகடும் இரண்டு வெவ்வேறு விடயங்கள் என்று நினைத்து ஒரு வாரம் தலையைப் பிய்த்திருக்கிறார். ஆங்கில மொழிமூலம் படிக்கும் மகனிடம் கேட்டால் அவன் "மீன்" என்கிறான். புள்ளிவிபரத்துக்குள் மீன் எங்கே வந்தது என்று உம்மா அடுப்படியிலிருந்து கேட்டாராம்.

ஆகவே முதலில் ஒரே நாட்டுச் சொல்லில் நில்லுங்கள். எமது ஆலோசனை, எமது பாடநூற் சொற்களிலேயே தொடங்குவது. பிள்ளைகளிடம் சந்தேகம் கேட்கலாம், அயலிலுள்ள கணித ஆசிரியரிடமும் கேட்கலாம். புத்தகத்தின் முன் உள்தாளில் நான்கைந்து சொற்களுக்கு மூன்று நிரலில் ஓர் அட்டவணை எழுதி வைத்தால், பின்னர் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தடுமாற்றம் வராது.

வீட்டிலேயே இருக்கும் புத்தகம்

பல வீடுகளில் மிக நல்ல தொடக்க நூல் ஏற்கனவே இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கும் தரம் 10, 11 கணிதப் பாடநூல்கள்தான் அவை. திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்தும் இறக்கிக் கொள்ளலாம். முழுக் கணிதத்தையும் படிக்கத் தேவையில்லை. சதவீதம், தரவுகளை அட்டவணைப்படுத்தல், இடை, இடையம், ஆகாரம், வரைபு ஆகிய பாடங்களைப் பிரித்தெடுத்து போட்டோ கொப்பி அடித்துக் கொண்டால் போதும். ஒரு படிக்குப் பின் அடுத்த படி என்று மெதுவாகச் செல்லும் நூல்கள் இவை. குறை என்னவென்றால், உதாரணங்கள் மாணவர்களின் உயரம், பரீட்சைப் புள்ளி என்றே போகும். அந்த இடத்தில் உங்கள் கடை பில்லை வைத்துச் செய்ய வேண்டும்.

உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியல் என்று தனிப்பாடமே இருக்கிறது. அதற்கான டியூசன் வழிகாட்டிகள் கடைகளில் நிறைய. இவற்றைப் பற்றி எமது அபிப்பிராயம் கலப்பானது. பரீட்சையில் புள்ளி எடுப்பதற்காக எழுதப்பட்டவை என்பதால் "ஏன்" என்ற கேள்விக்கு இவற்றில் இடம் குறைவு. நிகழ்தகவுப் பரம்பல்கள், கருதுகோள் சோதனை என்று வரும் பகுதிகள் சில்லறைக் கடைக்காரருக்கு இப்போதைக்குத் தேவையே இல்லை. ஆனால் சுட்டெண், காலத்தொடர் ஆகிய இரண்டு பாடங்களுக்கும் இவ்வழிகாட்டிகள்தான் தமிழில் கையிலிருக்கும் நல்ல துணை. வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். வெறும் விடை மட்டும் இருந்தால் வேண்டாம். செய்கை வழியுடன் விடை இருந்தால் எடுங்கள். தனியாகப் படிப்பவருக்கு ஆசிரியர் இல்லை. பிழை எந்த வரியில் வந்தது என்று காட்டுவது அந்தச் செய்கை வழி மட்டும்தான்.

ஆங்கிலம் ஓரளவு வாசிக்கக் கூடியவர்கள் டெரெக் ரவுன்ட்ரீ 1981இல் எழுதிய 'ஸ்டாடிஸ்டிக்ஸ் விதவுட் டியர்ஸ்' என்ற சிறு நூலைத் தேடிப் பிடிக்கலாம். கணக்குச் செய்ய வைக்காமல், கருத்தைப் பேச்சு மொழியில் விளக்கும் நூல் அது. டாரல் ஹஃப் 1954இல் எழுதிய 'ஹவ் டு லை வித் ஸ்டாடிஸ்டிக்ஸ்' இன்னொன்று. புள்ளிவிபரத்தை வைத்து எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று கேலிப் படங்களுடன் சொல்கிறது. விளம்பரக்காரரும் விற்பனைப் பிரதிநிதியும் காட்டும் வரைபடங்களைப் பார்க்கும் வியாபாரிக்கு ஒரு நாளில் வாசித்து முடிக்கக் கூடிய புத்தகம். (இதை எழுதியவரே பிற்காலத்தில் சிகரெட் கம்பனிகளிடம் பணம் பெற்று, புகைத்தலின் தீங்கைக் காட்டும் புள்ளிவிபரங்களைச் சந்தேகிக்கும்படி பேசினார் என்பது வேறு கதை.) ஆனால் இவை இரண்டும் பாடநூலுக்குப் பதில் அல்ல. துணைக்கு மட்டும்.

பெருநாள் எந்த மாதம்?

இறக்குமதிப் புத்தகங்களில் எம்மவர்கள் விழுந்துவிடும் ஒரு குழி உண்டு. பருவகால விற்பனவு பற்றிய அத்தியாயத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பருவச் சுட்டெண் கணிக்கச் சொல்வார்கள். மேற்கத்திய நூலில் டிசம்பர் உச்சம். இந்திய நூலில் ஒக்டோபர், நவம்பர் உச்சம். எமது புடைவைக் கடைகளுக்கோ உச்சம் நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரம். அது ஒரே மாதத்தில் நிற்பதில்லை. சந்திர வருடம் குறுகியது என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து கொண்டே போகும்.

2024இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. சித்திரைப் புத்தாண்டும் அதே நாட்களில். புடைவைக் கடைகளில் இரண்டு கூட்டமும் ஒன்றாக மோதின. 2025இல் பெருநாள் மார்ச் 31. பெருநாள் விற்பனவு முழுவதும் மார்ச்சுக்குள் போய்விட்டது. இந்த நிலையில் 2025 ஏப்ரலை 2024 ஏப்ரலுடன் ஒப்பிடும் ஒருவர் வியாபாரம் சரிந்து விட்டது என்று பயந்து ஸ்டொக்கைக் குறைப்பார். மார்ச்சை ஒப்பிடுபவர் துள்ளிக் குதித்து அளவுக்கு மீறி ஓடர் கொடுப்பார். இரண்டு பேரும் புத்தகம் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள்.

வழி மிக எளிது. விற்பனவுக் கொப்பியில் ஆங்கிலத் திகதிக்குப் பக்கத்தில் பிறையையும் எழுதுங்கள். ரமழான் பிறை 15 முதல் பெருநாள் வரை விற்றதை சென்ற வருட அதே பிறைகளுடன் ஒப்பிடுங்கள். சித்திரைப் புத்தாண்டு, டிசம்பர், பாடசாலை தொடங்கும் காலம் ஆகியவற்றை ஆங்கிலத் திகதியுடன் ஒப்பிடுங்கள். இரண்டு நாட்காட்டிக்கும் இரண்டு கணக்கு. இதை எந்த வழிகாட்டியிலும் நாம் கண்டதில்லை. ஆனால் காலத்தொடர் பாடத்தை விளங்கிப் படித்த ஒருவர் தானாகவே இந்த முடிவுக்கு வந்து விடுவார்.

பணவீக்கம் குறைந்ததாம், விலை ஏன் குறையவில்லை?

2023இல் ஒவ்வொரு கடைக்காரரும் வாடிக்கையாளர்களிடம் கேட்டு அலுத்த கேள்வி இது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். கேட்பவருக்கு விலை பாதாளத்துக்குப் போனது போலத் தோன்றும். உண்மையில் 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான்கள் 2022இல் ஏறத்தாழ 170 ரூபா. 2023இல் அந்த 170இன் மேல் இன்னும் 1.3 சதவீதம் கூடி 172 ரூபா. விலை குறையவில்லை, ஏறும் வேகம் நின்றது. அவ்வளவுதான்.

நல்ல புத்தகத்தில் சுட்டெண் அத்தியாயம் இதைத் தெளிவாக்க வேண்டும்: எந்த ஆண்டை 100 என்று வைத்தார்கள், எதன் மேல் சதவீதம் கணித்தார்கள், கூடைக்குள் என்னென்ன சாமான். திணைக்களத்தின் கூடை கொழும்பு நகரக் குடும்பத்தின் கூடை. சீமெந்தும் கம்பியும் விற்பவருடைய கூடை வேறு. அத்தியாயத்தை முடித்ததும், உங்கள் கடையில் அதிகம் ஓடும் பத்துச் சாமான்களின் கொள்முதல் விலையை, விற்கும் அளவுக்கேற்ப நிறையிட்டு, உங்களுக்கான சுட்டெண்ணை நீங்களே போடத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் குறை புத்தகத்தில்தான்.

கல்குலேட்டரும் கம்பியூட்டரும்

இளைஞர்கள் புத்தகம் எதற்கு, எக்ஸெல் இருக்கிறதே என்பார்கள். எக்ஸெல் நல்ல வேலைக்காரன். ஆனால் தவறான வேலையைச் சொன்னாலும் அதே வேகத்தில் செய்து கொடுப்பான். ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு சப்ளையர்கள். இருவரும் சராசரியாக 7 நாளில் சாமான் அனுப்புகிறார்கள். முதலாமவருடைய கடைசி மூன்று லொறிகள் 6, 7, 8 நாளில் வந்தன. இரண்டாமவருடையவை 2, 7, 12 நாளில் வந்தன. சராசரி ஒன்றுதான், ஆனால் இரண்டாமவரை நம்பினால் ஐந்து நாளுக்கு மேலதிக ஸ்டொக் வைத்திருக்க வேண்டும். இந்தப் பரவலை அளப்பது நியம விலகல். பாடநூல் முறையில் முதலாமவருக்கு 0.82, இரண்டாமவருக்கு 4.08 வரும். எக்ஸெலில் வழமையான எஸ்.டி. டெவ் கட்டளையைக் கொடுத்தால் 1 உம் 5 உம் வரும். படிப்பவர் தான் பிழை விட்டதாக நினைப்பார். பிழை இல்லை. பாடநூல் மூன்றால் பிரித்தது, எக்ஸெல் ஒன்றைக் கழித்து இரண்டால் பிரித்தது. கையிலிருப்பது முழுத் தரவா, அதிலிருந்து எடுத்த மாதிரியா என்பதைப் பொறுத்து இரண்டு முறையும் உண்டு. விஞ்ஞானக் கல்குலேட்டரிலும் இதற்கு இரண்டு வேறு பொத்தான்கள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைச் சொல்லாத புத்தகத்தையும் கம்பியூட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் குழப்பம் நிச்சயம்.

மாதிரி எடுத்தல் பற்றி ஒரு வார்த்தை. செத்தல் மிளகாய் மூடை வாங்கும் எம்மவர்களுக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் வாயைப் பிரித்துக் காட்டும் மூடையை யாரும் நம்புவதில்லை, அடியிலும் நடுவிலும் கை விட்டுப் பார்ப்போம். ஆனால் அதே வியாபாரி, கடைக்கு வரும் நான்கு பேரிடம் மட்டும் கேட்டுவிட்டு ஊரே இந்தச் சாமானை விரும்புகிறது என்று முடிவு செய்வார். கடைக்கு வராதவர்களை அவர் கேட்கவே இல்லை.

எவ்வளவு நேரம் வேண்டும்? இஷாவுக்குப் பின் அரை மணித்தியாலம், வாரத்துக்கு நான்கு நாள் என்றால் மேலே சொன்ன பாடநூற் பகுதிகளை மூன்று மாதத்தில் முடிக்கலாம். விடையைப் பார்க்காமல் ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து கணக்கு, பின்னர் உங்கள் கொப்பியிலிருந்து ஒரு கணக்கு. அந்த ஒன்றைத் தவிர்த்தால் மற்ற ஐந்தும் வீண்.

இவ்வாரப் பயிற்சி: கடைசியாகத் தீர்க்கப்பட்ட பத்துக் கடன் பில்களை எடுங்கள். தொகை, பணம் வந்த நாட்கள் என்று இரண்டு நிரலில் எழுதுங்கள். சாதாரண சராசரி, இடையம், தொகையால் நிறையிட்ட சராசரி மூன்றையும் கணியுங்கள். மூன்றும் கிட்டத்தட்டச் சமமாக வந்தால் உங்கள் கடன்காரர்கள் ஒரே மாதிரியானவர்கள். மூன்றாவது மட்டும் உயர்ந்து நின்றால், பெரிய தொகை வைத்திருப்பவர்களே உங்களை இழுத்தடிக்கிறார்கள்.

நண்பர் இந்திய நூலைத் திருப்பிக் கொடுத்து விட்டார். மகளின் தரம் 11 புத்தகத்தில் மூன்று பாடங்களைக் கொப்பி எடுத்து, டியூசன் வழிகாட்டியில் சுட்டெண் பகுதிக்கு மட்டும் அடையாளம் வைத்திருக்கிறார். 47 நாளைக் காட்டி ஹோல்சேல்காரரிடம் தவணை கேட்டிருக்கிறார். 30க்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று அவர் மறுத்து விட்டார். எனவே இப்போது அந்த இரண்டு கொந்தராத்துக்காரர்களிடமும் பாதிப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகே சாமான் ஏற்றுகிறார். அப்படிப் பார்த்தாலும் முப்பதாம் நாள் கையில் நிற்பது 7½ இலட்சம்தான். அதனால் அடுத்த செக்கை 7 இலட்சத்துக்குத்தான் எழுதியிருக்கிறார்.